ஊதாச் சட்டைக்குப் பிறகு

மலேசியாவில் செய்தி பார்க்கிற எவருக்கும் இரண்டு சட்டைகள் தெரியும். போலீஸ் லோக்கப்பின் ஊதா, ஊழல் தடுப்பு ஆணையத்தின் ஆரஞ்சு. அந்தச் சட்டையோடு ஒருவரின் படம் நாளிதழில் வந்துவிட்டால் போதும். வழக்கு பிறகுதான் நடக்கும், ஊர் அன்றே தீர்ப்பு எழுதிவிடும். தண்டனை முடிந்து ஐந்து வருடம் கழித்து செந்தூல் சந்தையில் காய்கறி வாங்க நின்றாலும் பார்ப்பவர் கண்ணில் அதே நிறம்தான். உடையால் விழுந்த கறை உடையால் கொஞ்சமாவது போகும் என்பது, சிறையிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு உடை கொடுத்து, தையலறைகளில் அவர்களோடு வேலை செய்கிறவர்களின் நம்பிக்கை. அது எப்போது போகிறது, எப்போது இன்னும் அழுத்தமாகப் பதிகிறது என்பதை வேலையில் இறங்கியவர்கள் துணியைக் கையில் பிடித்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

முதலில் கவனிக்க வேண்டியது விடுதலை நாள். ஃபேஷன் ஷோ மேடையெல்லாம் பிறகு. காஜாங்கிலிருந்தோ சுங்கை பூலோவிலிருந்தோ பினாங்குச் சிறையிலிருந்தோ வெளியே வருகிறவர் பெரும்பாலும் உள்ளே போன அன்று உடுத்தியிருந்ததையே உடுத்தி வருவார். மூன்று வருடத்தில் இடுப்பு மாறியிருக்கும். மடித்தே கிடந்த துணியில் மஞ்சள் கோடு விழுந்திருக்கும், ஷூவின் அடிப்பாகம் காய்ந்து பிளந்திருக்கும். அந்தக் கோலத்தில் ரயில் ஏறினால் ஒருவர் திரும்பிப் பார்த்தாலே போதும், அடுத்த ஒரு வாரம் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார். ஆகவே ஒரு பை தயார் செய்யுங்கள். காலர் வைத்த சட்டை இரண்டு, கறுப்பு அல்லது கருநீலக் கால்சட்டை ஒன்று, ஜீன்ஸ் ஒன்று, கைலி ஒன்று, துண்டு, புதிய உள்ளாடையும் காலுறையும் மூன்று மூன்று, பெல்ட், கான்வாஸ் ஷூ. பெண்களுக்கு சுடிதார் இரண்டு, சேலை கட்டுபவரானால் முன்பக்கம் கொக்கி வைத்து இரு பக்கமும் பிரித்து விடக்கூடிய ரவிக்கை ஒன்று. உள்ளாடையைப் பழையதாக ஒருபோதும் வாங்காதீர்கள். மற்றதெல்லாம் பழைய துணி விற்கும் பண்டல் கடையில் கிடைக்கும்.

அளவுதான் சிக்கல். பழைய புகைப்படத்தை வைத்து வாங்கினால் நிச்சயம் தப்பும். சந்திப்புக்குப் போகிற குடும்பத்தாரிடம் மூன்றே கேள்வி கேட்டு வரச் சொல்லுங்கள்: இப்போது இடுப்பு எத்தனை, சட்டை என்ன அளவு, கால் என்ன அளவு. கால்சட்டையை அவர் சொன்னதைவிட இரண்டு அங்குலம் பெரிதாக வாங்கிப் பெல்ட்டோடு கொடுங்கள். பெரிய கால்சட்டையைப் பெல்ட் காப்பாற்றும், சிறியதை ஒன்றும் காப்பாற்றாது. பல வருடம் செருப்பிலேயே நடந்த காலில் புதுத் தோல் ஷூ ஒரே நாளில் கொப்புளம் போட்டுவிடும். கான்வாஸ் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

நன்கொடைத் துணியை வாசலிலேயே பிரித்துப் பாருங்கள். தேர்தல் டி-சட்டை, கம்பெனி ஓட்டத்தின் டி-சட்டை, யாருடைய ஈமச் சடங்குக்கோ அச்சடித்தது, மண்டை ஓடு போட்டது என்று எல்லாம் வந்து குவியும். கட்சிச் சின்னம் போட்ட சட்டையை வேலை தேடிப் போகிறவருக்குக் கொடுக்க முடியாது. காலர் நைந்தது, கக்கத்தில் கறை பிடித்தது இரண்டையும் துடைப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். “கொடுத்ததை வாங்கிக்கொள்ளட்டும்” என்ற நினைப்பு எந்த நல்ல முயற்சியையும் முதல் நாளிலேயே கெடுத்துவிடும்.

அடுத்தது பச்சை குத்திய உடம்பு. நம் பையன்களில் பலருக்குக் கழுத்திலும் முன்கையிலும் பச்சை உண்டு, சிலருக்கு விரல் முட்டிகளிலும். அதை மறைப்பதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நாம் செய்ய வேண்டியது, மறைக்க விரும்பினால் அது உண்மையிலேயே மறைகிற உடையைக் கொடுப்பது. வெள்ளை மெல்லிய பருத்தியில் பச்சை நிழலாகத் தெரியும், வியர்த்தால் முழுதாகவே தெரியும். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். துணியை நாளிதழ் மேல் விரித்து, லேசாக நீர் தெளித்துப் பாருங்கள். தலைப்புச் செய்தி படிக்க முடிந்தால் பச்சையும் தெரியும். கருநீலம், ஆலிவ் பச்சை, அழுத்தமான சாம்பல் ஆகிய நிறங்களில் பருத்தியும் லினனும் கலந்த துணி, கோலாலம்பூர் வெயிலையும் தாங்கும், மறைக்கவும் செய்யும். கழுத்துக்குச் சாதாரணக் காலர் போதாது. நான்கு சென்டிமீட்டர் உயர நிற்கும் காலர், அதாவது மலாய் ஆண்களின் மரபுச் சட்டையான பாஜு மெலாயுவின் செக்காக் மூசாங் காலர் போன்றதோ ஜிப்பாவின் காலரோ, இயல்பாகவும் இருக்கும், நம் ஊரில் யாருக்கும் வித்தியாசமாகவும் படாது. கை நீளத்தை நின்றபடி அளக்காதீர்கள். இரு கைகளையும் மேசை மேல் நீட்டச் சொல்லி, மணிக்கட்டு எலும்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரும்படி அளந்தெடுங்கள். நேர்முகத் தேர்வில் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதுதான் சட்டைக் கை மேலே ஏறும்.

எந்த வேலைக்கு உடுத்தி அனுப்புகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். செக்கியூரிட்டி வேலைக்கும், செயலி வழி அழைக்கும் இ-ஹெய்லிங் வாடகைக் கார் ஓட்டுவதற்கும் போலீஸ் பின்னணிச் சோதனை உண்டு. எவ்வளவு நன்றாக உடுத்தினாலும் அந்தக் கதவு திறப்பது கடினம். முதல் நேர்முகமே அங்கே போய் மூடிக்கொண்டால் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வருவார். கிடங்கு, சமையலறை, பட்டறை, தையல், அச்சகம் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். வேலைக்கு எடுக்கும் முதலாளியிடம் ஒன்று சொல்லலாம்: முன்னாள் கைதிகளையும் பரோலில் இருப்பவர்களையும் வேலைக்கு வைத்தால், மாதம் 4,000 ரிங்கிட் வரையுள்ள சம்பளத்துக்கு வருமான வரிக் கணக்கில் இரட்டைக் கழிவு தரும் ஏற்பாடு 2019 வரி ஆண்டில் தொடங்கியது. காலக்கெடு வைத்து நீட்டிக்கப்படும் சலுகை என்பதால் நடப்பு நிலையைக் கணக்காளர் பார்த்துச் சொல்லட்டும். அதற்கான சான்று சம்பளப் பிரிவோடு நிற்க வேண்டும், மேற்பார்வையாளர் மேசைக்குப் போகக் கூடாது. போனால் மதிய உணவுக்குள் முழுத் தொழிற்சாலைக்கும் தெரிந்துவிடும்.

இப்போது, உள்ளே இருந்தவர்கள் தைத்து விற்கும் உடைகளுக்கு வருவோம். இங்கே எல்லோரும் முதலில் செய்கிற தவறு, சிறையையே வடிவமைப்பாக எடுத்துக்கொள்வது. கம்பி, கைவிலங்கு, எண், கறுப்பு வெள்ளைக் கோடு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலச் சிறையில் 1989 முதல் தைக்கப்படும் ஜீன்ஸ் ‘பிரிசன் புளூஸ்’ என்ற பெயரிலேயே விற்கிறது. பெயரும் ஊரும் தெரியாதவர்களிடம் போய்ச் சேர்கிற துணிக்கு அது சரிப்பட்டு வரலாம். பிரிக்பீல்ட்ஸிலும் பட்டர்வொர்த்திலும் சரிப்படாது. நம் சனம் சின்னது. சட்டையைப் பார்த்ததும் “யார் தைத்தது, யார் மகன்” என்று கேட்கிற ஊர் இது.

சிங்கப்பூரில் 2004-இல் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் இயக்கம் இதற்கு நல்ல வழி காட்டுகிறது. அங்கே அடையாளத்தைக் குத்திக்கொள்கிறவர்கள் பொதுமக்கள். உள்ளே இருந்து வந்தவர் எதையும் குத்திக்கொள்ள வேண்டியதில்லை. அடையாளத்தின் சுமை இடம் மாறுகிறது. உடையிலும் அப்படியே செய்யுங்கள். சட்டை முதலில் வெறும் நல்ல சட்டையாக இருக்கட்டும். பட்டன் பட்டியின் உள்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், ஒரே ஒரு வரித் தையல் மாற்று நிற நூலில் ஓடட்டும். வாங்குகிறவர் பட்டன் போடும்போது மட்டும் அது தெரியும். அது என்ன என்பதை உள்ளே வைக்கும் சின்ன அட்டை சொல்லட்டும். அவரைப் பார்த்து வேறொருவர் கேட்டால், விளக்கம் சொல்வது வாங்கியவர் பொறுப்பு. லேபிளில் தொகுதி எண், அதாவது எந்தச் சுற்றில் தைத்தது என்று காட்டும் எண், போடுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வருடக்கணக்கில் எண்ணால் அழைக்கப்பட்டவர் தைத்த துணியில் இன்னோர் எண் எதற்கு? தொகுதியை நூலின் நிறத்தை வைத்துப் பிரிக்கலாம். தைத்தவர் விரும்பினால் அவர் பெயர், இல்லாவிட்டால் எதுவும் வேண்டாம்.

நம் சிறைகளில் தையல், மெழுகால் கோடு போட்டுச் சாயம் தீட்டும் பாத்தேக், ஜரிகை சேர்த்து நெய்யும் சொங்கேட் நெசவு, பிரம்பு, மரவேலை எல்லாம் கற்றுத் தருகிறார்கள். அதனால் வருகிறவர் கைக்கு மெஷின் புதிதாக இராது. ஆனால் அங்கே ஒருவர் பல மாதம் ஒரே பாகத்தை, காலரையோ கைப்பட்டியையோ மட்டும் தைத்திருக்கக்கூடும். “தையல் தெரியும்” என்றால் எந்தப் பாகம் என்று கேளுங்கள். முதல் இரண்டு வாரம் ஏப்ரன், துணிப்பை, தலையணை உறை ஆகியவற்றில் நேர்த் தையல். மூன்றாம் வாரம் பாக்கெட், கைப்பட்டி. ஐந்தாம் வாரத்துக்கு முன் முழுச் சட்டையைக் கொடுத்தால் காலர் கோணிப்போகும், அவரும் மனம் உடைந்துபோவார்.

ஆறு பேர் அறைக்கு நேர்த் தையல் மெஷின் நான்கு, துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் ஒன்று, பட்டன் துளைக்கு ஒன்று போதும். டி-சட்டை தைப்பதானால், துணியோடு இழுபடும் தையல் போடுகிற கவர்ஸ்டிச் மெஷினும் வேண்டும். அது இல்லாமல் அடி மடிப்பை நேர்த் தையலில் அடித்தால் முதல் தடவை தலைவழியாக மாட்டும்போதே நூல் அறுந்துவிடும், பின்னல் துணி இழுபடும், நேர்த் தையல் இழுபடாது. கிளட்ச் மோட்டாரைவிட சர்வோ மோட்டார் வாங்குங்கள். வேகத்தைக் குறைத்து வைத்துக் கற்றுக்கொடுக்கலாம், சத்தமும் இல்லை. மெல்லிய பருத்திக்கு ஊசி 11, டெனிமுக்கு 16, பின்னல் துணிக்கு உருண்டை முனை ஊசி. தையல் விட்டு விட்டு விழுந்தால் மெஷினைத் திட்டுவதற்கு முன் ஊசியை மாற்றிப் பாருங்கள். பாதிக்கும் மேல் அதுதான் காரணம், அதற்கடுத்து ஊசியைத் திருப்பி மாட்டியிருப்பது. எட்டு மணி நேர வேலைக்கு ஓர் ஊசி என்று கணக்கு வையுங்கள். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை அந்தச் சட்டையை நகர்த்தக் கூடாது. கத்தரி, ஊசி எண்ணி வைக்கும் ஒழுங்கு உள்ளே பட்டறையில் இருந்தவர்களுக்குக் கைவந்த பழக்கம். அந்தப் பொறுப்பை அவர்களிடமே கொடுங்கள். வேறு யாராவது அவர்களைச் சுற்றி நின்று எண்ணினால் அது பழைய இடமாகிவிடும்.

பாத்தேக் தெரிந்தவர் ஒருவர் கிடைத்துவிட்டால் உடைக்கு ஒரு தனித்தன்மை வந்துவிடும், ஏனென்றால் ஒரே கோட்டை இரண்டு கை ஒரே மாதிரி இழுப்பதில்லை. வெள்ளைப் பருத்தி வாயில் அல்லது ரேயான், சட்டைக்கு 2.2 மீட்டர். முதலில் கஞ்சி போகத் துவைத்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். சட்டத்தில் தளர்வில்லாமல் இழுத்துக் கட்டி, உருக்கிய மெழுகைச் சாந்திங் என்ற மெழுகுப் பேனாவில் எடுத்துக் கோடு போடுங்கள். தேன்மெழுகு மட்டும் என்றால் விலை கூடும், பாரஃபின் மட்டும் என்றால் வெடிக்கும், அதனால் இரண்டையும் டாமார் பிசினோடு கலப்பார்கள். மெழுகு ஆறிவிட்டால் துணியின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும், சாயம் அடியில் புகுந்து கோட்டைத் தாண்டும். சூடு மிஞ்சினால் கோடு படரும், புகையும் வரும். துணியைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கமும் கோடு தெரிந்தால்தான் சரி. ரியாக்டிவ் சாயம் தீட்டி நன்றாகக் காய்ந்தபின் சோடியம் சிலிக்கேட் பூசி ஓர் இரவு விடுங்கள். அவசரப்பட்டுக் கழுவினால் சாயம் நீரோடு போய்விடும். அதற்காகக் காய்ந்து இறுகவும் விடக் கூடாது, பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி ஈரம் காத்துக்கொள்ளுங்கள். பிறகு குளிர்ந்த நீரில் வழவழப்புப் போகும்வரை நாலைந்து முறை அலசி, சோடா உப்புக் கரைத்த கொதிநீரில் மெழுகை எடுத்து, மறுபடி அலசி, நிழலில் உலர்த்துங்கள். சிலிக்கேட் முழுதாகப் போகாத துணி அட்டை மாதிரி விறைப்பாக நிற்கும், தையலில் ஊசியைத் தின்னும். மெழுகுத் தண்ணீரைச் சூட்டோடு சாக்கடையில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஆறவிட்டு மேலே கட்டியாகும் மெழுகை வழித்தெடுத்தால் அடுத்த தடவைக்கும் ஆகும்.

விலைக் கணக்கு. இதில்தான் பல நல்ல முயற்சிகள் விழுகின்றன, அதனால் எண்களையே முன்வைக்கிறோம். 2025-இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது, மணிக்கு 8.72 ரிங்கிட். ஒரு பாத்தேக் சட்டைக்குக் கோடு, சாயம், தையல் எல்லாம் சேர்த்து நாலரை மணி நேரம் என்றால் கூலி 39.24. இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) வகையில் முதலாளி பங்கு சுமார் 6. துணி மீட்டர் 12 ரிங்கிட் வீதம் 26.40. சாயமும் மெழுகும் எரிவாயுவும் 9, பட்டன், உள்துணி, நூல் 5, வாடகையும் மின்சாரமும் 12. பன்னிரண்டில் ஒன்று கெட்டுப்போகும், அதற்கு 8 விழுக்காடு கூட்டுங்கள். மொத்தம் 105 ரிங்கிட்டைத் தொடும். 165-க்கு நேரடியாக விற்றால் அறை நடக்கும். கடையில் 30 விழுக்காடு கமிஷனுக்குக் கொடுத்தால் கையில் மிஞ்சுவது பத்து ரிங்கிட்தான். இந்தக் கணக்கில் குறைக்கத் தோன்றும் முதல் வரி கூலியாகத்தான் இருக்கும். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். “பாவம், வாய்ப்புக் கொடுக்கிறோமே” என்று பாதிக் கூலி கொடுத்துவிட்டு, மறுவாழ்வு என்று அட்டையில் அச்சடிப்பது வாங்குகிறவரையும் தைத்தவரையும் ஒருசேர ஏமாற்றுவது.

பெண்களுக்கு இந்த வழியில் ஒரு வசதி உண்டு. ரவிக்கை தைப்பதும் சேலைக்கு ஃபால் அடிப்பதும் வீட்டிலிருந்தே ஒரு மெஷினில் முடியும், தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரம் ஆர்டர் வரும். ஆனால் வாடிக்கையாளர் அளவு கொடுக்க வீட்டுக்கு வர வேண்டும், அங்கேதான் தயக்கம். அளவு ரவிக்கையை வாங்கி வந்து கொடுக்கிற இடைக்கடை ஒன்று இருந்தால் முதல் வருடம் தாண்டும். அவர் கைவேலையின் தரமே பேசத் தொடங்கினால் ஆட்கள் தாமாகவே வருவார்கள். தீபாவளிக்கு மூன்று வாரத்துக்கு முன் ஆர்டரை மூடிவிடச் சொல்லுங்கள். ஒரு ரவிக்கை தாமதமானாலும் மற்ற தையல்காரருக்குக் கிடைக்கிற மன்னிப்பு இவருக்குக் கிடைக்காது.

கடைசியாக ஃபேஷன் ஷோ. இடம் பேசும்போது யாராவது ஒருவர் புடு சிறையின் பழைய வாசலைச் சொல்வார். 1895-இல் கட்டி முடித்த சிறை, 1996-இல் மூடப்பட்டது, கைதிகளே ஓவியம் தீட்டிய சுவர் 2010-இல் இடிந்தது, இன்று அந்த வாசலுக்குப் பின்னால் ஷாப்பிங் மால். படம் அழகாக வரும் என்பது உண்மை. ஆனால் மேடையில் நடப்பவரைத் திரும்ப அதே வாசலில் நிறுத்துகிறோம். கலைக்கூடமோ சமூக மண்டபமோ ஞாயிற்றுச் சந்தையோ, மற்ற வடிவமைப்பாளர்கள் காட்சி வைக்கும் இடத்திலேயே வையுங்கள்.

பத்துப் பேர், ஆளுக்கு இரண்டு உடை, ஒரு நடைக்கு 45 விநாடி. பதினைந்து நிமிடத்தில் முடியும், அதற்கு மேல் நீட்ட வேண்டாம். வெளியே வந்த முதல் மாதங்களில் உடம்பு வேகமாக மாறும், அதனால் பக்கத் தையலுக்கு ஒரு சென்டிமீட்டருக்குப் பதில் இரண்டரை விட்டு வெட்டுங்கள். மூன்று வாரத்துக்கு முன் ஒரு முறை, இரண்டு நாளுக்கு முன் ஒரு முறை போட்டுப் பாருங்கள். பரோலில் இருப்பவரானால் மாலை நிகழ்ச்சிக்குப் பரோல் அதிகாரியின் அனுமதியை எழுத்தில் முன்பே வாங்கிவிடுங்கள். 2008-இல் பரோல் முறை வந்ததிலிருந்து நேரமும் இடமும் நிபந்தனைக்குள் அடங்கியவை, ஒரு கைதட்டலுக்காக ஒருவர் திரும்ப உள்ளே போகக் கூடாது.

மேடைக்குப் பின்னால் நடப்பதுதான் பலருக்குத் தெரியாத இடம். வழக்கமான ஷோவில் எல்லோரும் ஒரே அறையில் உடை மாற்றுவார்கள், யாரோ பெயர் கூப்பிட்டு வரிசையில் நிற்கச் சொல்வார்கள், போனை வாங்கி வைப்பார்கள், உதவியாளர் பின்னால் வந்து சட்டென்று துணியைப் பிடித்து ஊசி குத்துவார். இவை ஒவ்வொன்றும் இவர்களுக்குச் சோதனை, எண்ணிக்கை, பறிமுதல். ஆளுக்கு ஒரு திரை கட்டுங்கள். வரிசைக்குப் பதில் சுவரில் நேர அட்டவணை ஒட்டுங்கள், அவரவர் பார்த்து வரட்டும். போன் அவரிடமே இருக்கட்டும். தொடுவதற்கு முன் “அண்ணே, தோள்பட்டையைச் சரி செய்யலாமா” என்று முன்னால் நின்று கேளுங்கள்.

ஒப்புதல் தாள் ஒன்று போதாது, நான்கு வேண்டும்: மேடையில் நடக்க, புகைப்படம் எடுக்க, காணொளி போட, பெயர் சொல்ல. நான்குக்கும் வெவ்வேறு பதில் இருக்கலாம். முகம் வேண்டாம் என்பவருக்குப் பின்பக்கம் வேலைப்பாடு வைத்த உடையைக் கொடுங்கள், கேமரா தானாகவே முதுகைத்தான் எடுக்கும். இணையத்தில் போனது திரும்பாது என்பதை ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லி, யோசிக்க நாள் கொடுங்கள். வழக்கு விவரத்தை அறிவிப்பாளர் வாயிலிருந்து ஒரு சொல்கூட வரவிடாதீர்கள். பாதிக்கப்பட்டவரின் குடும்பமும் இதே ஊரில்தான் இருக்கிறது, அவர்கள் வலி நம் மேடைக்கு அலங்காரம் ஆகக் கூடாது. நிருபர் “என்ன கேஸ்?” என்று நிச்சயம் கேட்பார். “அதற்கான தண்டனையை முடித்துவிட்டேன். இந்தச் சட்டையைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்” என்ற பதிலை மூன்று முறையாவது வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும். பிரமுகர் வந்தால் ஹாம்பர் என்ற பரிசுக் கூடை கொடுக்கும் படம் வேண்டாம். அவரும் ஒரு சட்டை வாங்கி, பணம் கட்டி, ரசீது பெற்றுக்கொள்ளட்டும். அந்தப் படத்தைத் தாராளமாகப் போடுங்கள்.

நடந்தவர் சம்பளத்தை அன்றிரவே கையில் கொடுங்கள். அணிந்து நடந்த இரண்டில் அவருக்குப் பிடித்த ஒன்று அவருடையது. கூட்டம் கலையும் நேரத்தில் மறந்துபோகும், அதனால் காலையிலேயே பெயர் எழுதிய உறை தயாராக இருக்கட்டும், உடைகளின் உள்மடிப்பில் ஒரு பட்டனும் கூடுதலாகத் தைத்திருக்கட்டும்.